நம் சிறுமிகளும் கூடைப்பந்துத் தேர்வும்

கோடைக்காலம் வந்ததும் நமது ஜில்லாக்களில் பள்ளிக்கூடத்துச் சிறுமிகளுக்கு ஒரு பரீட்சை நடைபெறுகிறது. அது மண்டபத்தில் மேஜை போட்டு நடத்தும் பரீட்சையன்று; மைதானத்தில் வெயிலில் நடப்பது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன்னுடைய விடுதிகளில் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்த்துக்கொள்வதற்குப் பிள்ளைகளை முதலில் ஜில்லா அளவிலும், பின்னர் மாநில அளவிலும் தெரிந்தெடுக்கிறது. பெரம்பலூரிலேயே பெண்களுக்கென விளையாட்டு விடுதி ஒன்று இருக்கிறது. தெரிந்தெடுக்கப்பட்ட பெண்ணுக்கு உணவு, உறைவிடம், படிப்பு, பயிற்சி யாவும் பொதுப்பணத்தில் கிடைக்கின்றன. திட்டம் நல்ல திட்டம். அதைக் குறைகூற நாம் பேனா எடுக்கவில்லை. எந்த அமைப்பு நடத்தினாலும், கூடைப்பந்தாட்டத்திற்குச் சிறுமிகளை மதிப்பிடும் முறை எப்படியிருக்க வேண்டும் என்பதைப் பற்றியே நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

தேசத்தில் எத்தனையோ பெரிய விஷயங்கள் காத்திருக்கப் பந்து விளையாட்டைப் பற்றியா எழுதுவது என்று நண்பர்களில் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அவர்களுக்கு ஒரு கணக்கை நினைவூட்டுகிறோம். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, அரியலூர் ஜில்லாவில் ஆறு வயது வரையிலான ஆண்குழந்தைகள் 1000 பேருக்குப் பெண்குழந்தைகள் 897 பேரே இருந்தனர். தமிழ்நாடு முழுவதற்கும் அந்த எண் 943. இந்த வித்தியாசத்தை இயற்கையின் தலையில் சுமத்திவிட முடியாது. மைதானத்துத் தேர்வுக்கு வெகு காலம் முன்னதாகவே, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்து ஒரு தேர்வு நடந்துவிடுகிறது. அதைத் தடுக்க 1994ல் சட்டம் வந்தும் கணக்கு இப்படி நிற்கிறது. தப்பிப் பிறந்தவளுக்குச் சோற்றுப் பானையண்டை இரண்டாவது தேர்வு. ஒன்பதாம் வகுப்பை எட்டியதும் கல்யாணப் பேச்சென்னும் மூன்றாவது தேர்வு. இவையெல்லாவற்றையும் தாண்டி, பருத்தி எடுப்புக்கும் வெங்காய அறுவடைக்கும் போகாமல் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மைதானத்தில் வந்து நிற்கிற பெண்ணை நாம் எவ்விதம் எடைபோடுகிறோம் என்பது அற்ப விஷயமென்று நமக்குத் தோன்றவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஓர் அணித்தேர்வை நேரில் பார்க்கும் சந்தர்ப்பம் நமக்கு வாய்த்தது. மேற்சொன்ன ஆணையம் நடத்தியதன்று அது. வேறோர் அமைப்பு நடத்தியது. இடமும் பெயரும் இங்கு அவசியமில்லை. காலை எட்டு மணிக்குச் சிறுமிகளை வரிசையில் நிறுத்திச் சுவரில் ஒட்டிய அளவு நாடாவில் உயரம் பார்த்தார்கள். பிறகு ஓட்டம், பிறகு பந்தைத் தட்டிக்கொண்டே ஓடிக் கூடையில் போடச் சொன்னார்கள். கடைசியில் கால் மணி நேரம் ஆட்டம். பதின்மூன்று வயதிருக்கும் ஒரு குட்டையான பெண், காலில் தேய்ந்த கான்வாஸ் செருப்பு. அவள் கையில் பந்து வந்தபோதெல்லாம், அது அடுத்த நொடியில் யார் கையில் இருக்க வேண்டுமோ அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் கூச்சலிடவில்லை, பார்வையாலேயே மற்ற நால்வரையும் நகர்த்தினாள். உயரமான இன்னொரு பெண்ணோ, தன்னிடம் வந்த பந்தை மூன்று முறை நழுவவிட்டாள். உயரமானவளை வைத்துக்கொண்டு, இவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஹைட் பத்தல" என்பதே அவளுக்குக் கிடைத்த தீர்ப்பு. அழைத்து வந்திருந்த தாய்மாமன், "சார், என்ன குறைன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா ஊர்ல போய்ச் சொல்லிக்குவோம்" என்று வெகு வினயமாகக் கேட்டார். எழுதிக் கொடுக்க அங்கே ஒருவரும் இல்லை.

வக்கீல் தொழிலில் காலங்கழித்தவனுக்கு அந்தக் கேள்வி உறுத்தாமல் இராது. முன்சீப் கோர்ட்டில் சாதாரணக் கடன் வழக்கொன்றைத் தள்ளுபடி செய்வதானாலும், நியாயாதிபதி காரணம் எழுதியாக வேண்டும். காரணம் இருந்தால்தான் மேல்கோர்ட்டில் வாதம் செய்ய வழியுண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியின் விஷயத்திலோ, ஒரு காலைப்பொழுதில் விசாரணை முடிந்து, காரணமின்றித் தீர்ப்பாகி, அப்பீலும் இல்லாமல் அவள் பஸ் ஏறுகிறாள்.

உயரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கூடை பூமியிலிருந்து பத்தடி உயரத்தில் தொங்குகிறது. அதைப் பெண்களுக்கென்று எவரும் தாழ்த்தவில்லை. பந்து மட்டுமே ஆண்கள் பந்தைக் காட்டிலும் சற்றுச் சிறியது. ஆகையால் உயரமான பெண்ணுக்கு அனுகூலம் உண்டு என்பதை மறுப்பவர் இல்லை. ஆனால் எந்த வயதில் அளந்த உயரம் என்பதல்லவா கேள்வி? பெண்கள் மிக வேகமாக வளர்வது சுமாராகப் பன்னிரண்டாம் வயதை ஒட்டி. பையன்களுக்கு அது இரண்டு வருஷம் பிந்தி வருகிறது. பெண் பருவமெய்திய பிறகு உயரம் பெரும்பாலும் இரண்டு மூன்று அங்குலமே கூடுகிறது. ஒன்பது, பத்து வயதிலேயே பருவ வளர்ச்சி தொடங்கிய பெண் ஏழாம் வகுப்பில் எல்லோருக்கும் மேலே தலை தெரிய நிற்பாள். பதினெட்டு வயதில் அவள் நடுத்தர உயரத்தவளாக இருக்கலாம். பதின்மூன்றில் குட்டையாக நிற்பவள் அதன் பிறகே வளரத் தொடங்குபவளாக இருக்கலாம். ஏழாம் வகுப்பு மைதானத்தில் நாடாவைப் பிடிக்கிற தேர்வாளர் பல சமயங்களில் உயரத்தை அளப்பதில்லை; யார் முந்திப் பருவமெய்தினாள் என்பதையே அளக்கிறார். பெற்றோரின் உயரத்தைக் கேட்டு எழுதிக்கொள்வதற்கும், ஆறு மாதம் கழித்து மறுபடி அளப்பதற்கும் செலவு ஒன்றுமில்லை. கைகளை விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து பார்ப்பதும் நல்லது. குட்டையான பெண்ணின் நீண்ட கை, ஆட்டத்தில் நெட்டையானவளின் வேலையைச் செய்துவிடும்.

ஓட்டத்தின் கதையும் இதுவே. 2019-21ஆம் வருஷங்களில் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59 சதவிகிதத்தினர் ரத்தசோகையுள்ளவர்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் 53 சதவிகிதத்தினருக்கு இக்குறை இருந்தது. பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து செல்லும் பொருளே ரத்தத்தில் குறைந்திருக்கும்போது, நாலாவது ஓட்டத்தில் ஒரு பெண் பின்தங்கினாளென்றால், "சோம்பேறி", "தெம்பில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுவது நியாயமாகுமா? மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரையும் கீரையும் முட்டையும் கொடுத்துவிட்டு அவளை மீண்டும் ஓடவிட்டுப் பார்க்கட்டும். மைதானத்தில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து விரல்நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பரிசோதிப்பது பெரிய காரியமன்று. தேர்வு பெறாத பெண்ணுங்கூடத் தன் தேகத்தைப் பற்றி ஒரு உண்மையைத் தெரிந்துகொண்டு வீடு திரும்புவாள்.

பந்தைத் தட்டிக்கொண்டே ஓடிக் கூடையில் போடும் பரீட்சைதான் நமது பிரதேசத்துக்கு மிகவும் அநியாயமானது என்போம். கூடைப்பந்து மைதானமென்பது 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள கெட்டித் தரை. இரண்டு முனையிலும் பலகையும் வளையமும் வேண்டும். வேப்பந்தட்டையிலும் குன்னத்திலும் செந்துறையிலும் ஆண்டிமடத்திலும் உள்ள கிராமத்துப் பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். சடுகுடுவுக்கும் கோ-கோவுக்கும் மண்தரை போதும். எறிபந்துக்கு ஒரு வலையும் இரண்டு கம்பமும் போதும். ஆகவே நம் பெண்கள் அவற்றை ஆடுகிறார்கள். வளையத்தையே கண்டிராத பெண்ணைக் கூப்பிட்டு, வளையத்தில் எத்தனை தரம் பந்தைப் போட்டாய் என்று மதிப்பெண் கொடுத்தால், அதனால் வெளிப்படுவது அவளுடைய பள்ளிக்கூடத்துக் கட்டிட நிதியின் நிலைமையே தவிர அவளுடைய சாமர்த்தியமன்று. சடுகுடு ஆடிய பெண்ணுக்குப் பக்கவாட்டில் நகரும் காலும், எதிரியின் இடுப்பைப் பார்த்து அவள் போகும் திசையைக் கண்டுகொள்ளும் கண்ணும் ஏற்கெனவே இருக்கின்றன. கூடைப்பந்தில் தற்காப்பாட்டம் என்பதற்கு ஆதாரமே இதுதான். எறிபந்து ஆடியவளுக்குக் கை பழகியிருக்கிறது. கூடையில் பந்து போடுவதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். அந்தக் கண்ணைக் கற்றுக்கொடுப்பது கடினம்.

எனில் தேர்வாளர் எதைப் பார்ப்பது? அனுபவமுள்ள பயிற்சியாளர்களிடம் கேட்டறிந்ததையும் நாம் கண்டதையும் சொல்லுகிறோம். பந்து கையிலிருக்கும்போது ஒரு பெண் என்ன செய்கிறாள் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆட்டத்தின் பெரும்பகுதியில் பந்து அவள் கையில் இருப்பதில்லை. அப்போது நின்று வேடிக்கை பார்க்கிறாளா, காலியிடம் தேடி ஓடுகிறாளா? பந்தைப் பறிகொடுத்த அடுத்த நொடியில் தலையில் அடித்துக்கொள்கிறாளா, திரும்பித் தற்காக்க ஓடுகிறாளா? ஒரு தவற்றைச் சுட்டிக்காட்டினால், அடுத்த பத்து நிமிஷத்தில் அதைத் திருத்திக்கொள்கிறாளா? இடக்கையைப் பயன்படுத்தப் பயப்படுகிறாளா? குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உட்புறமாக ஒன்றையொன்று நோக்கி மடிகின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும். முழங்கால் நரம்பு அறுந்துபோகும் விபத்து இந்த ஆட்டத்தில் பையன்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். இறங்கும் முறையை முறையாகப் பழக்கினால் அந்த அபாயம் குறைகிறது. அவளை நீக்குவதற்காக இதைக் கவனிக்கச் சொல்லவில்லை, காப்பாற்றுவதற்காகச் சொல்லுகிறோம். இவற்றில் ஒன்றாவது கால் மணி நேர ஆட்டத்தில் தெளிவாகத் தெரியுமா என்பதை நேயர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

இந்த ஆட்டம் பிறந்த அமெரிக்காவைச் சற்றுப் பார்ப்போம். 1891ல் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உபாத்தியாயர் இதனை வகுத்தார். அடுத்த வருஷமே ஸெண்டா பெரென்ஸன் என்ற மாது ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்குக் கற்பித்தார். ஆனால் பெண்கள் களைத்துவிடுவார்களென்று அஞ்சி, மைதானத்தை மூன்று கட்டமாகப் பிரித்து, அவரவர் கட்டத்தை விட்டு வெளியே வரக்கூடாதென்று விதி செய்தார்கள். அந்த அச்சத்தின் மிச்சம் அயோவா ராஜ்யத்துப் பள்ளிகளில் 1993 வரை இருந்தது. அங்கே பெண்கள் அரை மைதானத்தைத் தாண்டாத ஆறுபேர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1972ல் படிப்பிலும் விளையாட்டிலும் பெண்களுக்குப் பாரபட்சம் கூடாதென்று சட்டம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. 2018-19ல் 34 லட்சம். ஸ்திரீகளின் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1976ல்.

இன்று அங்கே கோடை விடுமுறையில் பெரிய முகாம்கள் நடக்கின்றன. பல ஊர்களிலிருந்து பள்ளிப் பெண்கள் வருகிறார்கள். கல்லூரிப் பயிற்சியாளர்கள் சுவரோரம் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து, உபகாரச் சம்பளம் யாருக்கு என்று பார்க்கிறார்கள். பதினான்கு வயதுப் பெண்களுக்கு வரிசை எண் போட்டு விலைகூறும் அந்த வழக்கம் நமக்கு உவப்பானதன்று. மாட்டுச்சந்தையின் சாயல் அதில் இருக்கிறது என்று சொல்லத் தயங்கமாட்டோம். ஆனால் அவர்களிடம் கற்கவேண்டியதும் ஒன்றுண்டு. உண்மையில் ஒரு பெண்ணை விரும்பும் கல்லூரி அவளை ஒரு முகாமில் மட்டும் பார்ப்பதில்லை. பள்ளி ஆட்டத்தில் பார்க்கிறது, கழக ஆட்டத்தில் பார்க்கிறது, மறு வருஷமும் பார்க்கிறது. ஒருவர் கைவிட்டவளை இன்னொருவர் எடுத்துக்கொள்ள வழி திறந்திருக்கிறது.

அவர்களும் தவறு செய்கிறார்கள். டான் ஸ்டேலி என்ற ஆட்டக்காரியின் உயரம் ஐந்தடி ஆறங்குலம். 1992ஆம் வருஷத்து ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர் 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற அணிகளில் அவர் இருந்தார். கதவு ஒரு தரம் சாத்தியதோடு முடிந்திருந்தால் இந்தச் சரித்திரம் ஏது?

நம்மவர் உதாரணமும் உண்டு. கேரளத்தில் பிறந்து, தெற்கு ரயில்வேயில் பணிபுரிந்து ஆடிய கீது அன்னா ஜோஸை 2011ல் அமெரிக்க ஸ்திரீகள் தொழில்முறைச் சங்கத்தின் மூன்று அணிகள் பரிசோதனைக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. அதனால் அவர் ஆட்டக்காரியல்லர் என்று எவரும் சொல்லவில்லை. அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவில் ஆடியவர், இந்திய அணியின் தூணாக விளங்கியவர். சென்னையின் அனிதா பால்துரை முதலில் ஓட்டத்திலும் கைப்பந்திலும் நாட்டங்கொண்டிருந்தவர். பிறகே கூடைப்பந்துக்கு வந்தார். பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குத் தலைவியானார். 2021ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வேறு ஆட்டத்திலிருந்து வந்தவளை ஏற்றுக்கொள்ள ஒரு பயிற்சியாளருக்கு மனமிருந்ததாலன்றோ இது நடந்தது? பெங்களூரின் சஞ்சனா ரமேஷ் அமெரிக்காவில் வட அரிசோனா பல்கலைக்கழக அணியில் ஆடினார். 2017ல் பெங்களூரில் கஜகஸ்தானை 75-73 என்ற கணக்கில் வென்று, இந்திய ஸ்திரீகள் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவைக் கைப்பற்றினார்கள். இரண்டே புள்ளி வித்தியாசம்! அந்த இரண்டு புள்ளியைத் தேடித்தர வல்லவள் எந்த ஊர் மைதானத்திலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறாளோ, யாருக்குத் தெரியும்?

சிமெண்டு லாரிப் புழுதியில் ஆட்டக்காரர் முளைக்கமாட்டார் என்பார்க்கு அரியலூரே பதில் சொல்லியிருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் 2022ல் இந்திய ஹாக்கி அணியில் இடம்பெற்று, 2023ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் ஆடினார். பையனுக்கு நடந்தது பெண்ணுக்கு நடக்கவேண்டாமா? சொல்லப்போனால் பெண்ணுக்கு அதன் தேவை அதிகம். தமிழ்நாட்டு அரசாங்க வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயிலும் தனி இடங்கள் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் விடுதி சேர்ந்தவளுக்குக் கல்யாணப் பேச்சு நான்கு வருஷமாவது தள்ளிப்போகும். அதற்காகவேனும் தகப்பன்மாரும் தாய்மாமன்மாரும் மைதானத்துக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் எல்லாப் பெண்ணும் இந்தியாவுக்கு ஆடப்போவதாக ஆசைகாட்டி அழைப்பது மோசடி. விடுதியில் சேர்ந்தவர்களிலும் மிகச் சிலரே உச்சிக்குப் போவார்கள். மற்றவர்க்கு நல்ல தேகமும் முடிந்த படிப்பும் ஊருக்கு வெளியே தனித்து நிற்கும் தைரியமும் மிஞ்சும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மை.

நாம் கோருவது அதிகமில்லை. பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஜில்லாக்களிலும் தேர்வை ஒரே நாளில் முடிக்காமல், வருஷத்தில் மூன்று தடவையாவது பெண்களைக் கூப்பிட்டு ஆடவிட்டுப் பார்க்கட்டும். ஜெயங்கொண்டத்திலும் வேப்பந்தட்டையிலும் பள்ளிப் போட்டி நடக்கும்போது தேர்வாளரே போய் உட்காரட்டும். அவள் பஸ் ஏறி வருவதைவிட அவர் ஜீப்பில் போவது சுலபம். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சீட்டு: உயரம், கையின் வீச்சு, ரத்தப் பரிசோதனை, ஆட்டத்தில் கண்ட நிறை, கண்ட குறை, அடுத்து அழைக்கும் தேதி. தேர்வு பெற்றவளுக்கும் பெறாதவளுக்கும் அது தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரப்படட்டும். பதினோராம் வகுப்பில் விடுதிக் கதவு மறுபடி திறக்கிறதென்பது கிராமத்தில் பலருக்குத் தெரியாது. அந்தச் சீட்டின் கடைசி வரியில் அதையும் அச்சிட்டுவிடலாம்.

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்கவேண்டிய அவசியம் நமது நேயர்களுக்கு இல்லை. நீங்கள் பஞ்சாயத்துக்களில் இருக்கிறீர்கள், பள்ளிக்கூடக் கமிட்டிகளில் இருக்கிறீர்கள், கட்சிக் கூட்டங்களுக்குப் பந்தல் போடுகிறீர்கள். ஒரு கூட்டத்துக்கு ஆகும் ஒலிபெருக்கிச் செலவில் ஒரு பள்ளிக்கு இரண்டு வளையமும் பலகையும் வாங்கி நட்டுவிடலாம். சிமெண்டு விளைகிற ஊரில் தரைக்குச் சிமெண்டு கேட்டால் கிடைக்காமற்போகாது. வருகிற கோடைத் தேர்வன்று, உங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் போகிறார்கள் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் இப்போதே விசாரியுங்கள். பஸ் கட்டணமும் ஒரு ஜோடி நல்ல ஷூவும் யாருக்கு இல்லையென்றும் கேளுங்கள். அவர்களோடு நீங்களும் மைதானத்துக்குப் போய், வேலி ஓரத்தில் கடைசிவரை இருந்து, திருப்பி அனுப்பப்படுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் காரணம் எழுதிக் கேளுங்கள்.